மதுவிலக்கு: ஆண்டாப் ஹில்லில் இருந்து ஒரு கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிறவன் இல்லை. என் சித்தப்பா டாஸ்மாக்கே கதியென்று கிடந்து, ஈரல் கெட்டு, ஐம்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கிய கடனைச் சித்தி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் இதைப் படித்துவிட்டு "சாராயக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறான்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். வழக்கம்போல இட்லி, சாம்பார், அப்புறம் ஊர் அரசியல். எல்லாக் கடையையும் ஒரே நாளில் இழுத்து மூட வேண்டும் என்றார் ஒரு நண்பர். "குஜராத்ல மூடலையா என்ன?" என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு? ஆண்டாப் ஹில்லில்! மதுவிலக்கின் வரவு செலவை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும் பேரேடு வேறெங்கே இருக்கிறது?

பக்கத்தில் இருக்கும் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனுக்குப் பழைய பெயர் கோலிவாடா. கோலி மீனவர்களின் குடியிருப்பு. தாராவியும் அப்படித்தான், 1909ஆம் ஆண்டு கெசட்டியரில் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்று. மீன்பிடிக்கிற ஊரில் கள்ளும் இருந்தது. பண்டாரிகள் மரமேறி இறக்கினார்கள், லைசென்ஸ் எடுத்த கடைகளில் விற்றார்கள். அது கோயில் என்று சொல்லவில்லை. ஆனால் கடை தெருவில் இருந்தது. யார் குடிக்கிறான், எவ்வளவு குடிக்கிறான் என்று ஊருக்கே தெரியும்.

1949இல் மொரார்ஜி தேசாய் உள்துறை மந்திரியாக இருந்தபோது பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. கடைகள் மூடின.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு கணக்கை மூடினால் அதிலிருந்த இருப்பு இன்னொரு கணக்கில் போய் உட்கார்ந்தே ஆகவேண்டும். காற்றில் கரைந்துவிடாது. இங்கே எங்கே போய் உட்கார்ந்தது?

வசதியானவனுக்கு டாக்டர் சீட்டு, 'ஹெல்த் பர்மிட்'. நடுத்தர ஆளுக்கு 'ஆண்ட்டி' வீடு. கோவாக்காரப் பெண்கள் பலர் வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு விற்றார்கள், பம்பாய் முழுக்க. ஏழைக்கு? தாராவி, ஆண்டாப் ஹில், கோலிவாடா சதுப்பு நிலம். போலீஸ் ஜீப் நுழைய முடியாத சேற்றுக்குள் கருப்பு வெல்லமும் நவச்சாரமும் ஊறின. காய்ச்சியதை லாரி ட்யூப்பில் அடைத்துத் தோளில் போட்டு நடந்தார்கள்.

இந்தச் சரக்கில் காசு பார்த்துத்தான் வி.டி. ஸ்டேஷன் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார் 'வரதாபாய்' ஆனார். 1987இல் 'நாயகன்' பார்த்துவிட்டு நாம் இன்றுவரை பெருமைப்படுகிறோம். தமிழனுக்குக் கைகொடுத்தார் என்கிறோம். கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த ட்யூப்பில் இருந்ததைக் குடித்தவனிலும் பாதிப்பேர் நம் ஊர்க்காரன்தானே? மொரார்ஜியின் சட்டம் இல்லையென்றால் அந்த நாயகன் ஏது?

எங்கள் கட்டடத்தில் எண்பதைத் தொடப்போகும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன்.

"எங்க அண்ணன் காலைல எந்திரிச்சி, 'ஏம்ல இன்னும் லைட்டு போடல?'ன்னு கேக்கான் தம்பி. சன்னல்ல வெயிலு அடிக்கி..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறினால் முதலில் போவது கண் நரம்பு.

சரி, குஜராத்துக்கு வருவோம். 1960இல் மாநிலம் பிரிந்தபோது அவர்கள் எடுத்துக்கொண்டு போனது இதே 1949 சட்டம்தான். 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கு மேல் சாவு. 2022இல் போட்டாத் பக்கம் நாற்பதுக்கு மேல். 2016இல் மூடிய பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

"கடை திறந்திருந்த நம்ம ஊர்லயும்தானே செத்தாங்க?" என்பீர்கள். ஆமாம். 2023இல் மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பமான எக்கியார்குப்பத்தில், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். இந்த மும்பையிலேயே 2015இல் மால்வணியில் நூற்றுக்கு மேல். செத்தவர்கள் யார்? கடை விலை கட்டுப்படியாகாத கூலிக்காரர்கள். கடையையே மூடினால் பாக்கெட் சாராயம் தேடிப் போகிறவர்கள் கூடுவார்களா, குறைவார்களா? நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் டாஸ்மாக் இப்படியே இருக்கட்டுமா? கூடாது. என் சித்தப்பாவைத் தின்றது அதுதான். கடைகளைப் படிப்படியாகக் குறையுங்கள். அந்த வருமானத்தை நம்பி பட்ஜெட் போடுவதை நிறுத்துங்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் குடிமீட்புக்குப் படுக்கை போடுங்கள். முக்கியமாக, மெத்தனாலைக் கணக்கெடுங்கள். எங்கள் கிளையில் கேஷ் நூறு ரூபாய் இடித்தால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. ஃபாக்டரிக்குப் போகவேண்டிய மெத்தனால் டிரம் வழியில் காணாமல் போனால் யார் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுகிறார்கள்?

இதெல்லாம் மேடையில் கைதட்டல் வாங்காது. 'முழு மதுவிலக்கு' வாங்கும்.

அடுத்தமுறை சயான் பக்கம் போனால் பார்களின் போர்டைப் பாருங்கள். 'பர்மிட் ரூம்' என்று இருக்கும். மகாராஷ்டிராவில் குடிக்க இன்றைக்கும் சட்டப்படி பர்மிட் வேண்டும். உள்ளே யாரும் அதைக் கேட்பதில்லை. 1949 சட்டத்தில் இங்கே மிஞ்சியது அந்த போர்டு. அண்ணாச்சியின் அண்ணனுக்குப் போன கண் போனதுதான்.