மாடி ஏத்தப் பணம் அனுப்பும் மகராசன்களே!

போன ஞாயித்துக்கிழமை போர்ட் பிளேர்ல இருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. எனக்கு இன்னும் வாயில வரமாட்டேங்குது.)

"அண்ணே, கீழ முன்பக்கச் சுவரை இடிச்சிட்டு கடைக்கு ஷட்டர் வெச்சிடலாம். மேல ரெண்டு ரூம் ஏத்திடலாம். மேஸ்திரிகிட்ட பேசியாச்சு. நீங்க பணம் மட்டும் அனுப்புங்க."

"முனிசிபல் கவுன்சில் அனுமதி?"

"நம்ம வீடு, நம்ம இடம். எவன்ணே கேக்கப் போறான்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

அவனை மட்டும் திட்டறது நியாயமில்லை. முதல்ல நம்மளைத் திட்டணும். நான் இருக்கறது சான் ஹோசே. இங்க சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு சுவரை எடுக்க, வரைபடம் கொடுத்து, பர்மிட் வாங்கி, இன்ஸ்பெக்டர் வந்து உத்தரத்தைப் பார்க்கிற வரைக்கும் பலகை அடிச்சு மூடாம வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருந்தேன். ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் "யாரையாவது பாத்து முடிச்சிடுப்பா"ன்னு சொல்றோம். ஏன்? இங்க இடிஞ்சா நம்ம தலையில விழும். அங்க இடிஞ்சா சித்தி தலையில விழும். அம்புட்டுதான் வித்தியாசம்.

அந்தமான் என்ன சாதாரண பூமியா? 2002-ல வந்த நில அதிர்வு வரைபடம் சென்னையை மண்டலம் 3-ல வெச்சது. அந்தமான் நிக்கோபார் முழுசையும் அதுல உச்சமான மண்டலம் 5-ல வெச்சது. கணக்குக்கு எடுக்கற எண் சென்னைக்கு 0.16, அந்தமானுக்கு 0.36. ரெண்டு மடங்குக்கும் மேல.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாரும் சுனாமியைப் பேசறோம். அதுக்கு முன்னாடி வந்த ஆட்டத்தை மறந்துட்டோம். அப்புறம் அங்க போய்ப் பார்த்த ஐஐடி கான்பூர் பொறியாளர்கள் எழுதினது இதுதான்: பழைய மர வீடுகள் நல்லாத் தாங்கின, முறையாக் கம்பி கட்டாத கான்கிரீட் கட்டிடங்கள் அடி வாங்கின. காரணம் எளிது. வீடு எவ்வளவு கனமோ, பூமி ஆடும்போது அவ்வளவு விசை. தாத்தா காலத்து மரச்சுவரும் தகரக் கூரையும் லேசு. நாம கௌரவத்துக்கு ஏத்தற கான்கிரீட் மாடி அப்படி இல்ல. ஒரு தளத்துக்குன்னு போட்ட பில்லர், இன்னொரு தளத்தைத் தாங்குமான்னு யார் கணக்குப் போட்டது? மேஸ்திரியா?

அதோட ஷட்டர் வேற! 2001 குஜராத் பூகம்பத்துல, மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால இருந்த அகமதாபாத்துல விழுந்த அடுக்குமாடிகள் பலதும் தரைத்தளத்துல சுவர் இல்லாம, கார் நிறுத்தத் திறந்து விட்டது. கீழ காலி, மேல கனம். என் தம்பி கேக்கறதும் அதையேதான்.

"அனுமதி கேட்டா அலைய விடுவாங்க"ன்னு சொல்வீங்க. உண்மைதான். கடலோர ஒழுங்குமுறை, பட்டா, தடையில்லாச் சான்றுன்னு செருப்பு தேயும். ஒரு தளம், ரெண்டு தள வீட்டுக்குத் தயார் வரைபடங்களை அரசே கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்? அதுக்காகக் கட்டாயம் சண்டை போடுங்க. ஆனா அனுமதியே வேணாம்னு முடிவு கட்டாதீங்க.

எல்லாத்துக்கும் அனுமதி கேக்கறதும் இல்ல. வெள்ளையடிக்க, பூச்சு வேலை பார்க்க, தரை மாத்த வேணாம்னு தேசியக் கட்டிட விதித்தொகுப்பே சொல்லுது. தாங்குற எதையாவது தொட்டாத்தான் பிரச்சினை.

அனுமதிங்கறது வெறும் முத்திரை இல்லீங்க. பில்லர் ரிங்கோட முனை 135 டிகிரி வளைஞ்சு உள்ள போகுதா, பீம் சேர்ற இடத்துல ரிங் நெருக்கமா இருக்கான்னு, கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடியே வரைபடத்துல ஒரு பொறியாளர் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஊத்தினப்புறம் யாராலயும் பார்க்க முடியாது.

தம்பிகிட்ட சொல்லிட்டேன். முதல் தவணை பொறியாளருக்கு. ரெண்டாவது தவணை அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகு. கோவிச்சுக்கிட்டான். கோவிக்கட்டும். கீழ் அறையில தூங்கப் போறது சித்தி.

நீங்களும் அடுத்த தடவை பணம் அனுப்பறதுக்கு முன்னாடி வரைபடத்தைக் கேளுங்க. எவன் கேக்கப் போறான்னா, பணம் அனுப்பறவன் கேக்கணும்.