ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? வெயில் காலத்துல பாம்பு விஷயத்தில் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கிருந்து ரூமுக்கு மண் பாதையில் நடக்கணும். ஒரு பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்ட நிலம், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் புதர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கம் வாடகைக்குத் தங்கியிருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பாம்புக் கதை சொல்வார்கள். ஏப்ரல், மே வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவே வரும். பெரும்பாலும் அது விஷமில்லாத சாரைப்பாம்பாகத்தான் இருக்கும். சிக்கல் அந்த 'பெரும்பாலும்' என்ற வார்த்தையில்தான்.

வெயிலுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்?

பாம்பால் தன் உடல் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ள முடியாது. தரை கொதிக்கும்போது நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும், இருட்டியதும் இரை தேடிக் கிளம்பும். இந்தப் பகுதி முழுக்க ஏரிகளும் நெல் வயலும் இருந்த ஊர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி என்று இன்றைக்கும் பெயர் சொல்லலாம். வயல் இருந்த இடத்தில் எலி இருந்தது, எலி இருந்த இடத்தில் பாம்பு இருந்தது. சிப்காட் வந்த பிறகு வயல் பிளாட் ஆனது. ஆனால் எல்லா பிளாட்டிலும் வீடு வரவில்லை. பாதி இடத்தில் செங்கல் குவியல், கட்டட இடிபாடு, உடைந்த மரப் பேலட். ஏரி வற்றும் மாதங்களில் ஈரம் மிஞ்சுவது பாத்ரூமிலும் தண்ணீர்த் தொட்டி அடியிலும்தான். மெஸ் பின்னாடி கொட்டும் சோறு எலிக்கு விருந்து. எலி பின்னாடியே யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் பூண்டு, ஃபினாயில், கல் உப்பு என்று யூடியூப் சொல்லும் வைத்தியங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அவை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. எச்சில் சோறு மூடி போட்ட தொட்டியில் விழுந்தாலே பாதி வேலை முடிந்தது.

தூக்கத்தில் கடிக்கும் பாம்பு

தமிழ்நாட்டில் உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். முதல் மூன்றும் கடித்தால் பெரும்பாலும் வலி, வீக்கம் இருக்கும், உடனே தெரிந்துவிடும். ரூமில் பாய் விரித்துப் படுப்பவர்கள் பயப்பட வேண்டியது நான்காவதற்கு.

கட்டுவிரியன் கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும். இரவில் மட்டும் நடமாடும். பல்லி, எலி, சின்னப் பாம்பு தேடி வீட்டுக்குள் நுழையும், தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் பதிந்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தியோடு எழுந்திருப்பார்கள். ஹோட்டல் சாப்பாட்டில் காலம் ஓட்டும் பேச்சிலர் ரூமில் அதை யாராவது பாம்புக்கடி என்று நினைப்பார்களா? 'நேத்து பரோட்டா ஒத்துக்கல போல' என்று ஒரு ஜெலுசில் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அடுத்து இமை தானாக மூடும், பேச்சு குழறும், பிறகு மூச்சுக்கான தசைகள் செயலிழக்கும். தரையில் தூங்கி எழுந்தவருக்கு வயிற்று வலியோடு இமையும் கனத்தால், கடித்த தடம் தேடி நேரத்தைக் கடத்தாமல் 108-க்குப் போன் அடிங்க.

கட்டில் வாங்க முடியாவிட்டால் கொசுவலை போதும். நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். கொசு, பாம்பு இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனமே சொல்லும் வழி அது.

மருந்து பக்கத்தில்தான், நேரம்தான் குறைவு

நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் போடப்படும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வெவ்வேறு மாநிலங்களில் ஒரே இனப் பாம்பின் விஷமும் வேறுபடுவதால், வடமாநிலங்களில் இந்த மருந்து சில நேரம் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலை நமக்குக் குறைவு.

ஒரே மருந்து நான்கு பாம்புக்கும் பொருந்தும் என்பதால் பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். மோதிரம், வாட்ச், ஷூவைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரூம் எடுத்த முதல் வாரமே அது எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு ஓட்டை

2023-இல் தமிழ்நாட்டில் 19,795 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகி, 43 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவ வசதியில் தமிழ்நாடு முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இந்த இரண்டு எண்களும் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவர்களும், தனியாரிடம் போனவர்களும் கணக்கில் விழாததுதான் முக்கியக் காரணமாக இருக்க முடியும்.

அதனால்தான் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் அரசு அறிவித்தது. தனியார் ஆஸ்பத்திரியும் தகவல் கொடுத்தாக வேண்டும். எந்த ஊரில் அதிகம் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் மருந்தை எங்கே அதிகமாக வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த மாதிரி கான்கிரீட் கட்டடத்தில் மாடியில் தூங்குபவருக்கு ஆபத்து குறைவு. சுற்றியுள்ள கிராமங்களில் தகரக் கூரை லைன் வீட்டில் ஆறேழு பேராகத் தரையில் படுப்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள். 'கட்டுவிரியன்' என்ற சொல் அவர்களுக்குப் புரியாது. இந்தியில் அதற்குப் பெயர் 'கரைத்'. பக்கத்து ரூமில் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.