மாத்திரை டப்பாவைத் திறக்குமுன்...

செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். மாடுகளைக் கவரவும் மீட்கவும் நடந்த சண்டைகளில் மாண்ட வீரர்களுக்காகப் பல்லவர் காலத்திலிருந்து நட்டு வைத்த கற்கள். 1972-ல் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே வெளியிட்டது.

வாளும் அம்பும் பட்டு இரத்தம் பெருகினால் உயிர் போய்விடுகிறது. ஆனால் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கும்போது விரலைக் கீறிக் கொண்டால் நமக்கு யாரும் கல் நடுவதில்லை! சில நிமிஷங்களில் இரத்தம் தானாகவே நின்று விடுகிறது. எப்படி?

இரத்தத்தில் 'பிளேட்லெட்' என்ற நுண்ணிய தட்டுகள் மிதக்கின்றன. டெங்கு வந்த வீடுகளில் இந்தப் பெயர் மிகவும் பழக்கம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, எட்டுப் பத்து நாள் உழைத்து, மறைந்து போகும் ஜீவன்கள்.

இவை வேலை செய்வது கொழுப்பின் உதவியால்! கொழுப்பு என்றதும் நெய்யையும் இடுப்புச் சதையையும் நினைத்துக் கொள்ளாதீர்கள். இது தட்டின் மேலுறையில் இருக்கும் அரக்கிடானிக் அமிலம். இரத்தக் குழாய் அறுபட்டதும் தட்டு அங்கே ஒட்டிக் கொண்டு, அந்த அமிலத்திலிருந்து திராம்பாக்ஸேன் என்ற பொருளைச் செய்கிறது. தெருவில் திருடன் நுழைந்ததும் ஒரு வீட்டுக்காரர் போடும் கூச்சலைப் போன்றது அது. அரை நிமிஷத்தில் பாதி அழிந்து போகும். ஆனாலும் அதற்குள் அக்கம்பக்கத்துத் தட்டுகள் எல்லாம் ஓடி வந்து காயத்தை அடைத்து விடும்.

கூட்டம் அளவுக்கு மீறினால்? குழாயே அடைபட்டு மாரடைப்பு வரலாமே! அதற்காக, குழாயின் உட்சுவர் அதே கொழுப்பிலிருந்து புராஸ்டாசைக்ளின் என்ற வேறு பொருளைச் செய்து, 'போதும், கலையுங்கள்' என்கிறது. இந்த இரண்டின் சமநிலையில்தான் நம் உயிர் ஓடுகிறது.

இனித்தான் முக்கியமான விஷயம். தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரின் இந்தக் கூச்சலை அடக்கி விடுகிறது. ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை 1971-ல் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். குழாய்ச் சுவரின் அணுக்கள் அடிபட்டாலும் மீண்டும் சரிசெய்து கொள்ளும். தட்டுக்கோ உட்கரு கிடையாது; ஒரு முறை அடக்கப்பட்டால் ஆயுள் முழுவதும் ஊமைதான். இருதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் தினமும் 75 மில்லிகிராம் மட்டும் கொடுப்பதன் சூட்சுமம் இதுவே.

அவர்களுக்கு அமிர்தமான அதே மாத்திரை டெங்குக் காய்ச்சலில் ஆபத்து. அந்தக் காய்ச்சலில் தட்டுகளின் எண்ணிக்கையே குறைகிறது. மிஞ்சியவற்றையும் ஊமையாக்கினால் என்ன ஆகும்? ஆகவே மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ, ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். வயதுக்கும் எடைக்கும் தக்க அளவில் பாரஸிட்டமாலும், நிறைய நீராகாரமும் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் இறங்கியதும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணச் சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். தானமாகப் பெறும் தட்டுகளை 20 முதல் 24 டிகிரிச் சூட்டில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே, பொதுவாக ஐந்து நாள்தான் வைத்திருக்கலாம். எல்லா ஊரிலும் இருப்பு வைக்கக்கூடிய சரக்கல்ல அது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிச் செங்கம் வந்து, அங்கிருந்தும் மேலே போக வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு மணியும் பொன்.

இன்னொன்று. இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் மாமனாரின் மாத்திரையை, இதைப் படித்துவிட்டு ஒளித்து வைத்து விடாதீர்கள்! அதை நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டரின் பொறுப்பு. அவருக்குக் காய்ச்சல் வந்தால், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.