காய்க்காவிட்டால் என்ன?

விதை போட்டு வந்த எலுமிச்சை, நாலு வருஷமாகப் பூக்கவில்லை. "வெட்டிப் போடேன், இடமாவது மிச்சம்" என்கிறார் இவர். விதைச்செடி காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை இலை இருக்கிறதே! போன மாசம் காய்ச்சலில் நாக்கு செத்துப்போன மாமியார், மோர் சாதம் இறங்கியதே வேப்பிலைக்கட்டியால்தான் என்கிறார். (பேர்தான் வேப்பிலை!)

இளம் இலையாகப் பறித்து, நடு நரம்பை உரித்துவிடுங்கள். 2 கைப்பிடி இலைக்கு 5 மிளகாய் வற்றல், அரை ஸ்பூன் ஓமம், கொட்டைப்பாக்களவு புளி, உப்பு, துளி பெருங்காயம். தண்ணீர் விடாமல் இடித்து உருட்டுங்கள்.

இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் ஏமாறாதீர்கள், அது புழு! காலையிலேயே எடுத்துப் போடாவிட்டால் சின்னச் செடி மொட்டைதான். மருந்து மட்டும் அடிக்காதீர்கள், சாப்பிடுகிற இலையாச்சே.