நாலு சைபரும் நம்ம ஊர் பாஸ்புக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் சண்டைப் பதிவு. பெங்களூரில் எந்த அபார்ட்மெண்டில் பொங்கல் விழா நடந்தாலும் பானையைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் பொட்டி தட்டும் மக்கள்தான். அவர்களில் பலர் என் நண்பர்கள். இதைப் படித்த பிறகும் நண்பர்களாக இருப்பார்கள் என்று நம்புகிறேன் :-)

நான் பி.காம். வங்கி அதிகாரி. கிளை, கடன் பிரிவு என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, சில வருடங்களாக எங்கள் வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். நான் வாயைத் திறந்தாலே "சாருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்று ஒரு பார்வை வரும். பரவாயில்லை. பூட்டு, சாவி, வாசல், கையெழுத்து இந்த நாலும் எனக்குத் தெரியும். இன்றைய பஞ்சாயத்துக்கு அது போதும்.

விஷயம் இதுதான். ஒரு வங்கி சர்வரில் மூன்று, நான்கு நெட்வொர்க் கார்டுகள் இருக்கும். ஒன்று வெளியுலகம் பார்த்தது. ஒன்று உள்ளே டேட்டாபேஸ் பக்கம். ஒன்று பேக்கப்புக்கு. ஒன்று நிர்வாகிகள் நுழைய. ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி. ஒரு அப்ளிகேஷனை ஏற்றும்போது, அது எந்த முகவரியில், எந்த போர்ட்டில் காது கொடுத்து உட்கார வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதைத்தான் பைண்டிங் என்கிறார்கள். 127.0.0.1 என்றால் அந்த மெஷினுக்குள்ளேயே பேச்சு, வெளியாள் வர முடியாது. ஒரு குறிப்பிட்ட ஐபியைக் கொடுத்தால் அந்த முகவரியைத் தேடி வருபவருக்கு மட்டும் பதில். 0.0.0.0 என்று நாலு சைபர் போட்டால்? எல்லா வாசலும் திறப்பு. கொல்லைப்புறம், மொட்டை மாடிக் கதவு உட்பட.

இப்போது அப்ளிகேஷன் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நம்மாள் என்ன செய்கிறார்? காரணம் தேடுவதில்லை. நாலு சைபரைப் போடுகிறார். ஓடுகிறது. டிக்கெட் குளோஸ். அடுத்த ஆணி. இந்த ஊரில் பஸ் சீட்டிலிருந்து வாடகை வீடு வரை எல்லாவற்றுக்கும் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பார்கள் அல்லவா, அதன் நெட்வொர்க் அவதாரம்தான் இந்த நாலு சைபர்.

"இதனால என்ன சார் ஆகிடும்?" என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவம்.

2017 ஜனவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை யாரோ துடைத்து எடுத்துவிட்டு, திருப்பித் தர பிட்காயின் கேட்டார்கள். பாஸ்வேர்ட் இல்லை, ஆனால் வெளி முகவரியிலும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தன. பிறகுதான் அந்த மென்பொருள் 3.6 வெர்ஷனிலிருந்து, நாமாக மாற்றாதவரை லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும்படி ஆனது. 2019 ஜனவரியில் எஸ்பிஐ குவிக் சேவையின் சர்வர் ஒன்று மும்பையில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்தது என்று டெக்கிரஞ்ச் செய்தி போட்டது. மிஸ்டு கால் கொடுத்து பேலன்ஸ் கேட்பார்களே, அந்தச் சேவை. கேட்டவர்களுக்குப் போன எஸ்எம்எஸ்கள் அதில்.

மூன்றாவதுதான் நம்மைத் தொடுவது. 2024 ஜூலை 31. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினி சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் தாக்குதல். பரவாமல் இருக்க என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சின்ன வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ, ஏடிஎம் எல்லாம் நின்றது. மறுநாள் சரியானது. எங்கே ஆரம்பித்தது? சி-எட்ஜோடு சேர்ந்து வேலை செய்த இன்னொரு நிறுவனத்தில், சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வரில் என்று கிளவுட்செக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் இருந்த ஓட்டைக்கு 2024 ஜனவரியிலேயே மருந்து வந்துவிட்டது.

ஜென்கின்ஸ் என்றால் என்ன? மென்பொருளைக் கட்டி, சர்வரில் ஏற்றும் பட்டறைச் சாமான். அதற்கு வெளியில் ஒரு வாடிக்கையாளரும் கிடையாது. நிறுவிய கையோடு விட்டால் 8080 போர்ட்டில் எல்லா முகவரியிலும் காது கொடுக்கும். பட்டறைக் கதவை எதற்கய்யா தெருப் பக்கம் வைக்கிறீர்கள்?

பாதிப்பு நாட்டின் மொத்தப் பரிமாற்றத்தில் அரை சதவீதம்தான் என்று அன்று செய்தியில் வந்தது. எனக்கு அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நாம் இங்கே பெரிய வங்கியில் சம்பளக் கணக்கு வைத்திருக்கிறோம். ஊரில் அப்பாவின் பாஸ்புக் எங்கே? அம்மாவின் நகைக்கடன் எங்கே? அந்த அரை சதவீதத்தில்தான்.

சரி, கோபத்தை ஓரம் வைத்துவிட்டு நோயைப் பார்ப்போம். இவர்கள் தேடாமல் விடும் காரணம் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் அந்த இடத்தில் வேறு யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்றால் நீங்கள் கொடுத்த ஐபி இந்த மெஷினிலேயே இல்லை. இரண்டும் வெவ்வேறு வியாதி. வெளியிலிருந்து தொடும்போது உடனே 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' வந்தால் பெரும்பாலும் வீடு வரை போய்விட்டோம், அந்தக் கதவில் ஆள் இல்லை. ஒன்றும் வராமல் தொங்கிக்கொண்டே இருந்தால் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், அல்லது பதில் வேறு கார்டு வழியாகப் போய்த் தொலைந்திருக்கலாம். இந்தக் கடைசி விவகாரம் பல கார்டு சர்வர்களுக்கே உரிய தொல்லை. டீஃபால்ட் கேட்வே ஒன்றுதான். கேள்வி ஒரு கார்டில் வருகிறது, பதில் போகும் வழி இன்னொரு கார்டில் இருக்கிறது. லினக்ஸில் ஆர்பி ஃபில்டர் கண்டிப்பாக வைக்கப்பட்டிருந்தால் அப்படி வரும் கேள்வியையே தூக்கி எறிந்துவிடும். இதற்கு ரூட்டிங்கைச் சரி செய்ய வேண்டும். நாலு சைபர் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் போடுகிறார்கள்!

ஒரு நாள் ராத்திரி ரிலீஸ். வெண்டர் பெயர் வேண்டாம். சேலத்துப் பையன், நல்ல பையன். அப்ளிகேஷன் எழவில்லை.

"சார், இப்போதைக்கு சைபர் போட்டுடலாம், காலைல பாத்துக்கலாம்."

"காலைல யாரு தம்பி பாப்பா?"

சிரித்துவிட்டான். திட்டுவானோ என்று நினைத்தேன். உட்கார்ந்து தேடினோம். கான்ஃபிக் ஃபைலில் ஐபிக்குப் பதில் மெஷின் பெயர் இருந்தது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்தப் பெயருக்கு எதிரே டெஸ்ட் சர்வரின் முகவரி. இல்லாத முகவரியில் எப்படி உட்காரும்? ஒரு வரி திருத்தம், நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்காக அவன் மேனேஜர் மறுநாள் அவனைக் கேள்வி கேட்டாராம். 'சைபர் போட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கலாமே' என்று. என் சண்டை அந்தப் பையனோடு இல்லை, அந்த மேனேஜரோடு. டிக்கெட் எவ்வளவு சீக்கிரம் மூடினாய் என்பதற்கு மார்க் போட்டால், கதவை மூட எவன் மெனக்கெடுவான்?

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். கண்டெய்னருக்குள் நாலு சைபர் போடத்தான் வேண்டும். அதற்கு உள்ளே தனி நெட்வொர்க். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே எந்த முகவரியில் அதைக் காட்டுகிறீர்கள் என்ற வரி இருக்கிறதே? டாக்கரில் போர்ட்டை மட்டும் எழுதினால் அதுவும் எல்லா கார்டிலும் திறக்கும், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்ட தடையையும் தாண்டிக்கொண்டு.

அடுத்த வாதம், டிஆர் ட்ரில். மும்பையில் ஒரு ஐபி, ஹைதராபாத் மாற்று மையத்தில் வேறு ஐபி, ஒரே கான்ஃபிக் இரண்டிலும் ஓட வேண்டும், அதனால் சைபர். இது கொஞ்சம் நியாயமான தலைவலி. ஆனால் தீர்வு இருக்கிறது. இடத்துக்கு இடம் மாறும் மதிப்பை தனி ஃபைலில் வையுங்கள், ஏற்றும் ஸ்கிரிப்ட் எடுத்துப் போடட்டும். இரண்டு நோடுக்கு நடுவில் தாவும் ஐபி என்றால், ஐபி வந்த பிறகு அப்ளிகேஷன் எழட்டும். முன்னாலேயே எழ வேண்டுமென்றால் லினக்ஸில் அதற்கென்றே 'நான்லோக்கல் பைண்ட்' அனுமதி இருக்கிறது.

இன்னொன்று, "உள்ளே இருக்கிறதெல்லாம் ஃபயர்வால் பார்த்துக்கும் சார்." ஃபயர்வால் வேண்டும்தான். லினக்ஸ் தன்னுடைய எந்த ஐபிக்கு வந்த கேள்வியையும் எந்த கார்டில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளது, அதனால் பைண்டிங் மட்டும் போதாது. ஆனால் காவலாளி இருக்கிறார் என்பதற்காக ஸ்ட்ராங் ரூமைத் திறந்து வைத்துவிட்டு யாராவது டீ குடிக்கப் போவார்களா?

எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். டெண்டர் ஆவணத்தில் போர்ட் நம்பர் கேட்போம், எந்த முகவரியில் என்று ஒரு கட்டம் இருக்காது. ஐடி வேலையை வெளியில் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதுதான் என்று ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் தெளிவாக உத்தரவு போட்டுவிட்டது. அப்புறமும் வெண்டர் அனுப்பும் 'கோ லைவ் சக்சஸ்' மெயிலுக்கு 'நோட்டட்' என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஒரு சின்னக் கிளையில் கூட ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம், கை மாறினால் ரிஜிஸ்டரில் கையெழுத்து. கோடிக்கணக்கான கணக்குகள் இருக்கும் சர்வரின் வாசலுக்கு ரிஜிஸ்டரே இல்லை!

நான் கேட்பது ஒரு பக்கம்தான். அப்ளிகேஷன் பெயர், முகவரி, போர்ட், யார் யார் வரலாம், யார் அனுமதித்தது. ஏற்றிய அன்று நெட்ஸ்டாட் போட்டு, காது கொடுக்கும் முகவரிகளை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டு இரண்டு பேர் கையெழுத்து. பக்கத்தில் இல்லாத நாலு சைபர் ஒன்று தெரிந்தால் அன்றைக்கு கோ லைவ் கிடையாது. வீட்டில் பொட்டி தட்டும் பிள்ளை இருந்தால் ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள், "உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பேப்பர் இருக்கா கண்ணு?" என்று.

மறுத்துப் பேச ஆசைப்படுபவர்கள் தாராளமாக வாருங்கள். 'புரொடக்‌ஷன்ல இதுக்கெல்லாம் நேரம் இல்ல சார்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதை வாரம் நாலு தடவை நேரிலேயே கேட்கிறேன்.