பேனர் ஏறாத பெண்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எந்தத் தெருமுனையிலும் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரைப் பார்க்கலாம். தாய்மாமன்கள் கும்பிட்டபடி நிற்க, நடுவில் பட்டுப்பாவாடைச் சிறுமி. பதினாறு வயதாகியும் பேனர் ஏறாத பெண்ணை ஊர் மூன்று விதமாகப் பேசும்: "அம்மாக்காரி கிரகணத்துல வெளியே போயிருப்பா." "கட்டிக் கொடுத்தா சரியாயிடும்." "ஆளாகாதவ என்ன பொம்பள?"

மூன்றும் பொய்.

அவளுக்கு இருப்பது டர்னர் குறைபாடாக இருக்கலாம். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை அது. சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மருத்துவர் ஹென்றி டர்னர் இதை 1938இல் விவரித்தார். குரோமோசோம்தான் காரணம் என்று 1959இல் தெரிந்தது. கிரகணத்துக்கு இதில் வேலையில்லை. உயிரணு உருவாகும்போது நேர்ந்த தற்செயல். அம்மாவை ஏசுகிறவர்கள் கேட்கட்டும்: ஒரே எக்ஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோரிடம் மிஞ்சியிருப்பது தாய் கொடுத்த எக்ஸ்தான். அதற்காக அப்பாவை ஏசவும் நியாயமில்லை.

இந்தக் குறைபாட்டால் சினைப்பை செயலிழந்திருக்கும்போது தாலி கட்டி என்ன ஆகும்? ஈஸ்ட்ரோஜன், பிறகு புரோஜெஸ்டிரோன் என்று மருந்து கொடுத்தால் பலருக்கு மாதவிடாய் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். அப்படியானால் மாத்திரை போட்ட மாதம் பெண், மறந்த மாதம் பெண்ணில்லையா?

ஆளானால்தான் பெண் என்ற இந்த நம்பிக்கையின் பெரிய கேடு வேறு. மாதவிடாய்க்காகக் காத்திருக்க வைத்து, அதற்குப் பல வருடம் முன்பே தெரிந்த அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது. இரண்டாம் வகுப்பிலிருந்தே பிரேயர் வரிசையில் முதலாவதாக நிற்பவள் அவள். சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியைவிடச் சுமார் 20 செ.மீ. குட்டையாக நின்றுவிடுவாள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி எலும்பு முனைகள் மூடுவதற்குள் போட்டால்தான் பலிக்கும். 2021 தேசிய அரிய நோய்கள் கொள்கையின் பட்டியலிலும் டர்னருக்கான இந்த ஊசி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடங்க வேண்டும். பெருந்தமனிச் சுருக்கம், இதய வால்வுக் கோளாறு உண்டா என்று எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். காது, தைராய்டு இரண்டையும் கவனிக்க வேண்டும். "வரும், வரும்" என்று பதினாறு வரை இருந்துவிட்டால் இவற்றில் பாதி கைநழுவிவிடும்.

சீர்வரிசைக்குக் காத்திருக்கும் தாய்மாமன் ஒரு ஷிஃப்டை விட்டுவிட்டு, அவளை லோக்கல் ரயிலில் ஏற்றி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகட்டும். அந்தச் சீரை எட்டு வயதிலேயே செய்யலாம்.