மும்பையின் கான்கிரீட் சாலைகள்: மழை முந்திக்கொண்டது, பணி பின்தங்கியது

மும்பை: தார்ச்சாலை போடுவதும், மழையில் அது பெயர்வதும், பள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவதும் மும்பை மாநகராட்சிக்கு ஆண்டுச் சடங்காகவே இருந்துவந்தது. இதற்கு முடிவுகட்ட, தன் பராமரிப்பிலுள்ள சுமார் 2,050 கி.மீ. சாலைகளில் தார்ச்சாலையாக எஞ்சியிருந்தவற்றை கான்கிரீட்டாக மாற்ற மாநகராட்சி தீர்மானித்தது. ஏறத்தாழ 400 கி.மீ. சாலைகளை உள்ளடக்கிய, சுமார் 6,080 கோடி ரூபாய் மதிப்பிலான முதற்கட்டப் பணிக்கு 2023 ஜனவரி 19 அன்று பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். இரண்டாம் கட்டத்தில் மேலும் 300 கி.மீ.க்கும் அதிகமான சாலைகள் சேர்ந்தன.

தென் மும்பைக்கான ஒப்பந்தம் தாமதம் காரணமாக 2023 இறுதியிலேயே ரத்தானது. பின்னர், தோண்டிய சாலைகளை எல்லாம் 2025 மே 31-க்குள் முடிக்குமாறு கெடு விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு பருவமழையோ மே 26 அன்றே மும்பையை வந்தடைந்தது. அதற்குள் மொத்தத் திட்டத்தில் ஏறத்தாழ பாதி நீளமே நிறைவடைந்திருந்தது.

தார்ச்சாலையை இரவில் போட்டு மறுநாள் காலையில் வாகனங்களை விடலாம். கான்கிரீட் அப்படியன்று, தோண்டிய பின் குழாய்களையும் கேபிள்களையும் சீர்செய்து, தளமிட்டு, நாள்கணக்கில் ஈரம் காயாமல் காக்க வேண்டும். வாசலே பட்டறையாகவும் கடையாகவும் விளங்கும் தாராவியில், ஒரு தெரு சில வாரங்கள் மூடப்பட்டால் வருமானமும் நின்றுபோகும். அவசரப்பட்டுத் திறந்தாலோ தளம் விரிசல் விடும். தரத்தைக் கண்காணிக்க மும்பை ஐஐடி நியமிக்கப்பட்டதன் தேவை இங்குதான் புரிகிறது.

மட்டுங்காவாசிகளின் கவலை வேறு. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் கனமழைதோறும் நீரில் மூழ்கும் இடங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதை மும்பை மறக்கவில்லை. கான்கிரீட் நீரை உறிஞ்சாது. பெய்வதனைத்தும் வடிகாலுக்கே செல்ல வேண்டும். பழைய தளத்தை அகழ்ந்தெடுக்காமல் மேலே புதியதை இட்டால், தெரு உயர்ந்து வீடு தாழும். மழைநீர் வாசற்படி ஏறும். மரங்களின் அடிவரை தளமிட்டால் வேர்களுக்கு நீர் எட்டாது என்பதும் நியாயமான குறையே.

கனரக வாகனங்கள் ஓடும் செம்பூர் போன்ற பகுதிகளின் பெருஞ்சாலைகளுக்கு கான்கிரீட் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. குடியிருப்புகளின் குறுந்தெருக்களுக்கும் அதே அளவுகோல் வேண்டுமா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. அங்கு வடிகாலைச் செப்பனிட்ட பின்னரே தளத்தில் கைவைப்பது நல்லது.

இதற்கிடையே பொறுப்பை வரையறுத்தது நீதிமன்றம். பள்ளங்களால் உயிரிழப்போரின் குடும்பத்தினருக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைவோருக்கு 50 ஆயிரம் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு வழங்க 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தொகையைத் தவறிழைத்த அதிகாரிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் வசூலிக்கவும் அவ்வாணை வழிசெய்கிறது.